வேதகிரி நின்ற இடத்துப் புல்

இது அழுக்கு இல்லை ஐயா, பசை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. என் கையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தீர்களே, அதனால் சொன்னேன். உங்கள் வேட்டியில் ஒட்டாது. காய்ந்த பசை. தாம்பரம் வரைக்கும் தாராளமாக உட்காருங்கள்.

நான் புல் ரிப்பேர் செய்கிறவன். சிரிக்கிறீர்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனாரே, "புல்லுக்கு என்னப்பா ரிப்பேர், ஆடு மேஞ்சா முடிஞ்சுதே" என்று கேட்டவர்தான். இது நிஜப் புல் இல்லை. பிளாஸ்டிக். பாய் மாதிரி சுருட்டி வரும். மொட்டை மாடியில் விரிப்பார்கள், வீட்டு முற்றத்தில் விரிப்பார்கள், அபார்ட்மெண்ட் ஓரத்தில் பிள்ளைகள் விளையாட விரிப்பார்கள். விரிக்கிறவன் வேறு ஆள். அவன் விரித்துவிட்டுப் போய்விடுவான். கிழிந்தால், தீய்ந்தால், மடிப்பு விட்டால் என்னைக் கூப்பிடுவார்கள்.

எத்தனை விதமாகக் கெடுக்கிறார்கள் என்கிறீர்கள். நாய் பிறாண்டும். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பை அப்படியே கீழே போடுவார்கள். பிறந்தநாள் என்று மாடியில் கோழி வாட்டுவார்கள், கரி தெறிக்கும். ஒரு வீட்டில் கிரகப்பிரவேச ஹோமத்தையே புல் மேல் நடத்திவிட்டார்கள். "அடியில செங்கல் வெச்சுத்தாங்க பண்ணோம்" என்றார்கள். செங்கல்லைத் தூக்கினேன், புல்லும் சேர்ந்து வந்தது.

என் பேர் இருதயராஜ். இந்த வேலையில் என்னைக் குறை சொல்லி ஒருவர் பேசியதில்லை. கெட்ட இடத்தைப் பின்பக்கத் தையல் வரிசையைப் பார்த்துச் சதுரமாக அறுத்தெடுக்க வேண்டும். அதே அளவுக்கு வேறு துண்டு வைக்க வேண்டும். அடியில் டேப், டேப்பில் பசை. பசை பிடிக்கிறவரை கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் மேலே கல்லைப் பாரம் வைக்க வேண்டும். முக்கியமான விஷயம், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே துண்டும் சாய வேண்டும். திருப்பி வைத்தால் நிறமே வேறு மாதிரித் தெரியும். நான் ஒட்டின இடத்தை நானே தேடினால்தான் உண்டு.

இப்போது வேதகிரி அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன். நல்ல சேதி கொண்டுபோனேன் ஐயா. வீட்டில் வேலையைப் போட்டுவிட்டு, பஸ் ஏறி, நல்ல சேதி கொண்டுபோனேன். நீங்கள் எனக்கு யாரோ. யாரோ ஒருவர் கேட்டால்தான் நியாயமாகச் சொல்வார். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், என் மேல் என்ன தப்பு.

மடிப்பாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்ட். பெரிசு இல்லை, சின்னதும் இல்லை. கிழக்குப் பக்கம் கொஞ்சம் வெற்றிடம். அங்கே காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வேதகிரி அண்ணன் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கரிப்பெட்டிதான். கரண்டுப் பெட்டியில் மடிப்பு நிற்காது என்பார். அந்த அபார்ட்மெண்ட் கட்டின நாளிலிருந்து அங்கேதான். பின்தெருவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து, அவரும் சம்சாரம் கன்னியம்மாவும். காலையில் அந்த அம்மா வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வரும், சாயங்காலம் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும். அந்த வண்டி நின்ற இடம்தான் அவர்களுக்குச் சோறு, வாடகை, எல்லாம்.

போன வருஷம் அந்த வெற்றிடத்தில் புல் விரித்தார்கள். வண்டியை மட்டும் நகர்த்தவில்லை. வண்டியைச் சுற்றிப் புல். அதே சமயத்தில் தெருவுக்கு எதிரே ஓர் ஆபீஸ் கட்டடம் எழும்பி, முகப்பு முழுக்கக் கண்ணாடி பதித்தார்கள். அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. நினைக்க என்ன இருக்கிறது, ஊர் முழுக்கக் கண்ணாடிதானே.

மாசி மாசம் எனக்கு போன் வந்தது. கோதண்டராமன் சார், அந்த அபார்ட்மெண்ட் செகரட்டரி. ரிடையர் ஆனவர். ரொம்ப ஒழுங்கு. மாடிப்படியில் செருப்பு ஒன்று கோணலாகக் கிடந்தால் நேராக வைத்துவிட்டுத்தான் ஏறுவார். காலையில் போனேன். வண்டிக்குப் பக்கத்தில் புல் தீய்ந்திருந்தது. நீளமாக, கொஞ்சம் வளைந்து, நுனியெல்லாம் சுருண்டு ஒட்டிப்போய்.

"என்னன்னு நெனைக்கிற இருதயராஜ்?" என்றார் சார்.

"சூடு பட்டிருக்கு சார்."

"தணலா?"

"இருக்கலாம் சார்."

இவ்வளவுதான் ஐயா நான் சொன்னது. சூடு என்றேன், அவர் தணலா என்றார், இருக்கலாம் என்றேன். பேரைச் சொன்னேனா? இல்லை. வண்டியைக் காட்டினேனா? இல்லை. வண்டி அங்கே இருந்தது, அதற்கு நான் என்ன செய்ய. வேதகிரி அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும். அந்தக் காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தணல் விழுந்தால் வட்டமாகப் பொத்தல் விழும், விளிம்பு மணி மணியாகக் கெட்டியாகும். இது கோடு. வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கோடு எதனால் வரும் என்று தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வது? கூப்பிட்டு வந்த இடத்தில் தெரியாது என்று சொன்னால் அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். நீங்களே ஒரு டாக்டரிடம் போகிறீர்கள், அவர் தெரியாது என்று சொன்னால் விடுவீர்களா?

துண்டு வைத்தேன். நன்றாக உட்கார்ந்தது. கொஞ்ச நாளில் மறுபடியும் போன். ஒட்டின துண்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு.

நான் போய்ச் சேர்ந்தபோது அபார்ட்மெண்ட்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அங்கேயே, புல் விரித்த இடத்திலேயே நடந்துகொண்டிருந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓரமாக மண்டி போட்டு வேலையைப் பார்த்தேன். சார் என்னைக் காட்டி, "டெக்னீஷியனே பாத்துட்டு தணல்னு சொல்லிட்டார்" என்றார். என்னை அதற்கு முன் யாரும் டெக்னீஷியன் என்று சொன்னதில்லை ஐயா. பேச்சுக்கு நடுவில் போய் 'இருக்கலாம்னுதான் சொன்னேன்' என்று திருத்துவது மரியாதையா? பெரியவர்கள் கூட்டம். நான் வேலைக்கு வந்தவன்.

வேதகிரி அண்ணனைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். அவர் சாம்பல் டின்னையும் தூக்கிக்கொண்டு வந்தார். மூடி போட்ட டின். திறந்து காட்டினார்.

"தணலை இதுலதாங்க கொட்டுவேன். தண்ணி தெளிச்சு மூடிடுவேன். கீழ விட்டதே இல்லைங்க. விட்டா துணி போயிடும். துணி போனா நான் போயிடுவேன்."

"உங்க மேல தப்புன்னு யாருமே சொல்லல வேதகிரி" என்றார் சார். "ஒரு முன்னெச்சரிக்கைக்காக வண்டிய எடுத்துடுங்க. கொழந்தைங்க வெளையாடற எடம்."

"அப்ப அது என் நெருப்பு இல்லன்னு சொல்லுங்க. போறேன்."

சார் கையிலிருந்த நோட்டைப் புரட்டினார். முதல் மாடி பூமா மேடம்தான், "அவரு போயிட்டா என் காட்டன் புடவைய யாரு சார் பாப்பா, நீங்க பாப்பீங்களா?" என்றார். சிரித்தார்கள். "இப்பல்லாம் ஆப்ல தட்டினா வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போறாங்க மேடம்" என்றார் சார். அவ்வளவுதான். முடிந்துபோயிற்று.

மறுநாள் வண்டியை எடுத்தார்கள். அன்றைக்கும் நான் அங்கேதான், கடைசித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வண்டியைத் தள்ள, கன்னியம்மா பின்னால் ஒரு மூட்டையோடு. புல்லில் சக்கரம் சிக்கியது. ஒருவர் வந்து முன்னால் இழுத்தால் வந்துவிடும். என் இரண்டு கையும் துண்டின் மேல் இருந்தது. பசை பிடிக்கும் நேரம். எடுத்தால் துண்டு தூக்கிக்கொள்ளும். அண்ணன் தானே எப்படியோ தூக்கி, தள்ளி, வாசல் தாண்டினார். தாண்டும்போது என்னைப் பார்த்து, "வரேன் தம்பி" என்றார். தலையாட்டினேன். தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

சித்திரை பிறந்ததும் மூன்றாவது தடவையாகப் போன். இந்தத் தடவை சார் குரலில் ஒழுங்கு இல்லை. வேறு வேலையை முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் போக முடிந்தது. போய்ப் பார்த்தால் ஐயா, கோடு நீண்டிருக்கிறது. வண்டி நின்ற இடத்துக்கு உள்ளேயே போயிருக்கிறது. வண்டியை எடுத்தபிறகு அந்தச் சதுரத்துக்கும் புதுப் புல் விரித்திருந்தார்கள். அந்தப் புதுப் புல்லும் தீய்ந்து கிடக்கிறது. ஆள் இல்லை, வண்டி இல்லை, கரி இல்லை, கோடு மட்டும் இருக்கிறது.

மண்டி போட்டு அறுக்க ஆரம்பித்தேன். பிடரியில் சுரீரென்றது. யாரோ சுடுதண்ணீர் ஊற்றின மாதிரி. நிமிர்ந்தால் எதிரே அந்தக் கண்ணாடிக் கட்டடம். மேல் மாடியில் லேசாகக் குழிந்த கண்ணாடி ஒன்றில் சூரியன் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு வெளிச்சக் கீற்று இறங்கி, சரியாக நான் இருந்த இடத்தில் விழுகிறது. பிளாஸ்டிக் பசை டப்பாவை அதில் வைத்துப் பார்த்தேன். ஓரம் தொய்ய ஆரம்பித்தது. புல் நுனி என் கண் முன்னாலேயே மெல்லச் சுருண்டது. காலையிலேயே வந்து காலையிலேயே போகிறவனுக்கு இது எப்படித் தெரியும், நீங்களே சொல்லுங்கள்.

செகரட்டரி சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையை நீட்டிப் பார்த்தார். உடனே இழுத்துக்கொண்டார்.

"அப்போ தணல் இல்லையா?"

"இல்லை சார்."

"நீதானப்பா தணல்னு சொன்ன?"

"இருக்கலாம்னு சொன்னேன் சார்."

 பிறகு எதிர்க் கட்டடத்துக்குப் போனோம். மேனேஜர் சின்ன வயசு. உட்காரச் சொன்னார், ஏசியைக் கூட்டினார், காபி வரவழைத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "கண்ணாடி எங்களுது சார், ஒத்துக்கறேன். வெயில் எங்களுது இல்லையே" என்றார். மேலிடத்துக்கு எழுதிப் போடுகிறேன் என்றார். மேலிடம் வேறு ஊரில் இருக்கிறதாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், டெக்னீஷியன் என்று. மரம் வைக்கலாம் என்றார் ஒருவர். மரம் வளர்ந்து நிழல் விடும்போது இந்தப் பிள்ளைகளுக்கே பிள்ளை பிறந்துவிடும் என்றார் இன்னொருவர். வலை கட்டலாம் என்றார்கள். புல்லையே எடுத்துவிடலாம் என்றார்கள், அதற்குப் பிள்ளைகள் அழுதன. அப்போது பூமா மேடம் சொன்னார்:

"வேதகிரி அங்க நின்ன வரைக்கும் புல் இவ்வளவு தீயலையே சார்?"

உண்மைதான். அங்கே வண்டிக்கு மேல் ஒரு நீலத் தார்ப்பாய், தடித்த கித்தான், கட்டியிருந்தார். எதிர்க் கண்ணாடி கண்ணைக் கூசுகிறது என்று அவரே வாங்கிக் கட்டினது. வெளிச்சத்தின் பெரும்பகுதி அதில்தான் விழுந்திருக்கிறது. ஓரத்தில் தப்பினதுதான் புல்லைத் தொட்டிருக்கிறது. அவர் போனபிறகு முழுசும் கீழே இறங்கிவிட்டது.

எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். வழி கிடைத்துவிட்டதே. வேதகிரியைத் திரும்பக் கூப்பிடலாம் என்று முடிவானது. என்னைக் கேட்டால் எனக்குத்தான் அதிக சந்தோஷம். தூக்கமே இல்லாமல் இருந்தேன் ஐயா. என் மேல் தப்பு இல்லை, ஆனாலும் தூக்கம் வரவில்லை. சில கண்டிஷன் மட்டும் போட்டார்கள். முன்பு மாடிப்படி அடியில் அவர் துணி வைத்துக்கொண்டிருந்த இடத்தில் பார்சல் அலமாரி வந்துவிட்டதால் அது கிடையாது. கரியும் வேண்டாம், கரண்டுப் பெட்டி வைத்துக்கொள்ளட்டும், பிளக் கொடுக்கிறோம் என்றார்கள். மத்தியானத்தில் வந்து சாயங்காலம் வரை, வெயில் இறங்குகிற நேரம் மட்டும் நின்றால் போதும். "சாரி சொல்லணும் சார் அவர்கிட்ட" என்றார் பூமா மேடம். "வந்ததும் சொல்லிக்கலாம்" என்றார் சார். யார் போய்ச் சொல்வது என்றபோது நானே போகிறேன் என்றேன். அவர் சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மைத்துனர் வீட்டில் இருக்கிறார் என்று பூமா மேடத்துக்குத் தெரிந்திருந்தது.

அதுதான் இன்றைக்குப் போனது.

ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை. முகூர்த்தம் இல்லாத நாள், மண்டபம் காலி. கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை. அவர் போட்டிருந்த சட்டையில் மடிப்பே இல்லை ஐயா, கசங்கியிருந்தது. 

"இன்னா தம்பி இவ்ளோ தூரம்" என்று எழுந்து ஸ்டூலை எனக்குக் கொடுத்தார். கன்னியம்மாவும் அங்கேதான் இருந்தது, பந்தி நடக்கிற கூடத்தைக் கழுவிக்கொண்டு. டீ வாங்கி வந்து கொடுத்தது. கொடுத்துவிட்டு மறுபடியும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டது.

எல்லாம் சொன்னேன். கண்ணாடியைச் சொன்னேன், வெளிச்சத்தைச் சொன்னேன், மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அவர் என் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் நெருப்பு இல்ல."

"இல்லைண்ணே."

"அதை எல்லாரும் இருக்கறப்ப சொன்னாங்களா? அன்னிக்கி என்னை நிக்க வெச்ச மாதிரி, எல்லாரும் ஒக்காந்து?"

"பேசிக்கிட்டாங்கண்ணே. நீங்க வந்ததும் சாரி சொல்றேன்னாங்க."

"எதுக்கு வரணும் நானு?"

மறுபடியும் பொறுமையாகச் சொன்னேன். உங்கள் தார்ப்பாய் இருந்தவரை புல்லுக்குப் பெரிய சேதம் இல்லை, நீங்கள் அங்கே நின்றால் அந்த நிழல் போதும், மத்தியானத்துக்கு மேல் வந்தால் போதும், பழைய இடமே, பிளக் கூடத் தருகிறார்கள். ஒன்றையும் மறைக்கவில்லை. நேர்மையாகச் சொன்னேன்.

கன்னியம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "வெயில் இல்லாத மாசத்துல?" என்றது.

அதைக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். என்ன சொல்ல முடியும்? நான் முடிவு பண்ணுகிறவனா?

அண்ணன் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. யோசிக்கிறார் என்று நினைத்தேன், வருவார் என்றே நினைத்தேன். வந்தபோது கையில் அந்த நீலத் தார்ப்பாய். அதை மண்டப வாசலில் விரித்து, தூசி தட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார். சட்டை மடிக்கிற மாதிரியே. ஒவ்வொரு மடிப்பையும் உள்ளங்கையால் அழுத்தி நீவினார். கயிறு போட்டுக் கட்டினார். கை வலிக்காமல் தூக்க ஒரு பிடியும் வைத்தார்.

"நிழல்தானே கேட்டாங்க. எடுத்துட்டுப் போ."

"அண்ணே, நீங்க வரணும்ணே."

"ரெண்டு கம்பம் நட்டு கட்டச் சொல்லு. தெற்குப் பக்கம் கொஞ்சம் தாழ்வா இருக்கணும். மழை வந்தா தண்ணி நிக்கும், குச்சியால தூக்கி விடச் சொல்லு."

 கெஞ்சிப் பார்த்தேன். வண்டி இருக்கிறதா என்று கேட்டேன், பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை ஐயா. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கேட் வரைக்கும் வந்தார். வந்து, "தம்பி, தணல்னு மொதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"எல்லாரும்தாண்ணே சொன்னாங்க."

பொய் இல்லையே. நீங்கள் இவ்வளவு நேரம் கேட்டீர்கள். எல்லோரும்தானே சொன்னார்கள்? என்னை அனுப்பினவர் சொன்னார், கூட்டத்தில் சொன்னார்கள், தெருவில் சொன்னார்கள். அண்ணன், "அப்படியா, சரி" என்றார். அந்தச் சரியில் ஒன்றுமே இல்லை ஐயா. நான் ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டிருந்தார். நல்ல சேதி கொண்டுபோனவனுக்கு இதுதான். ஒரு சந்தோஷ வார்த்தை கூட இல்லை.

என்ன, ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள். ஜன்னல் பக்கமே பார்க்கிறீர்கள். பரவாயில்லை, யோசித்துச் சொல்லுங்கள்.

ஒரு நிமிஷம். போன் வருகிறது. செகரட்டரி சார்தான். காலையிலிருந்து மூச்சு விடாமல் அடிக்கிறார்.

"சொல்லுங்க சார். பாத்துட்டேன் சார். பஸ்ல வந்துட்டிருக்கேன். இல்ல சார், அவரு வரல. அவரு தார்ப்பாயைக் குடுத்திருக்காரு. ஆமா சார், அதே தார்ப்பாய்தான், நீலம். நல்லாத்தான் இருக்கு, கிழிசல் ஒண்ணும் இல்ல. சரிங்க சார். சரிங்க சார். சொல்லிடறேன். வெச்சிடறேன் சார்."

அதுவே போதும் என்கிறார் ஐயா. ஆளுக்கு அலைய வேண்டாமாம்.